ஒற்றைமதகூரில் வாசம் ஏறியவர்கள்

ஒற்றைமதகூர் நகராட்சியில் முதன்முதலாக நாறியவர் ஓவர்சியர். ஆடி அமாவாசை கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில், சோப்புப் போட்டுக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் ஆபீசுக்குள் காலெடுத்து வைத்தபோது, அவரோடு கூடவே செத்து மூன்று நாளான கெண்டை மீனின் நாற்றமும் காலெடுத்து வைத்தது. மேஜைக்கு அடியில் தேடினார்கள், பீரோவுக்குப் பின்னால் தேடினார்கள், டிபன் பாக்ஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள், கடைசியில் பியூன் அவருடைய கையை முகர்ந்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்க் குனிந்து நின்றான். முந்தின வாரம்தான் ஊர்க்குளத்தின் கீழ்ப்பாதி, மீனும் தவளையும் உள்ளே துள்ளத் துள்ள மண் கொட்டி மூடப்பட்டிருந்தது. மூடச் சொன்னவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததால் யாரும் பேசவில்லை, மூக்கை மட்டும் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் மேல் கழுவாத ஆட்டுக்குடலின் நாற்றம் ஏறியது, அதற்கடுத்த வாரம் கமிஷனர் மேல் குப்பைமேட்டில் எரிகிற டயரின் நாற்றமும் அதற்குள் மயிர் கருகுகிற நாற்றமும் ஏறின, சேர்மன் மேல் ஏறியதற்கோ பெயர் வைக்க முடியவில்லை, காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருந்தது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். வேப்பிலை போட்டுக் குளித்தார்கள், கற்பூரத்தைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகினார்கள், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார்கள், வெட்டிய கிடாவின் கறியும் நாறியதுதான் மிச்சம்.

ஊர் என்றால் சும்மாவா? எதையும் செரித்துவிடும் வயிறு அதற்கு. முன்பெல்லாம் ஒரு காரியத்துக்காக நகராட்சிக்குப் போகிறவன் மேஜை மேஜையாக அலைவான், எந்த மேஜையில் காரியம் நடக்கும் என்று எவனும் சொல்லமாட்டான். இப்போது மூக்கே வழிகாட்டியது. எங்கே குடலைப் பிரட்டுகிறதோ அங்கே போய் மனுவை நீட்டினால் போதும், காரியம் நடந்துவிடும். நாறுகிறவனுக்குத்தான் அதிகாரம் என்பது ஐப்பசிக்குள் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் நாற்றம் என்ற சொல்லை ஊரில் யாரும் உச்சரிப்பதில்லை, வாசம் என்றார்கள். கல்யாணத் தரகர் “மாப்பிள்ளைக்கு வாசம் உண்டுல்லா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஜாதகத்தையே கையில் வாங்கினார். பந்தியில் வாசக்காரர்களுக்கு முதல் வரிசை. நகராட்சி வாசலில் ஒரு பலகையும் வந்தது: வாசம் இல்லாதோர் பின்வரிசையில் நிற்கவும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று பியூன்கள் கமிஷனர் அறைக் கதவில் முதுகைத் தேய்த்தார்கள். ஒரு இளநிலை உதவியாளர் சட்டைக்குள் சாக்கடைச் சேற்றைப் பூசிக்கொண்டு பெண் பார்க்கப் போய், சேறு காய்ந்து உதிர்ந்ததால் பிடிபட்டு, காப்பி கூடக் கிடைக்காமல் திரும்பினார். சீ, இதையெல்லாம் சொல்லும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

இந்த வாசத்தின் ஊற்றுக்கண் எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் பொதுப்பிரிவு சூப்பரின்டென்டென்ட் பிரம்மசக்தி. நாற்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆபீசின் கடிதங்கள் எல்லாம் அவள் கையால் எழுதியவை. நல்ல சேதி தமிழில், சங்கடமான சேதி இங்கிலீஷில் என்பது அந்த நகராட்சியின் பழைய வழக்கம். இங்கிலீஷில் ஒரு சௌகரியம் உண்டு என்று அவள் சின்ன வயதிலேயே கண்டுகொண்டாள். லுக் என்று ஒரு சொல், இன்டு என்று அதன் வாலில் ஒரு குட்டிச் சொல், இரண்டையும் ஒட்டி முன்னால் ‘இஸ் பீயிங்’ போட்டுவிட்டால் விஷயம் கவனிக்கப்பட்டு வரும், கவனிக்கிறவன் மட்டும் இருக்கமாட்டான். ‘கால்’ என்ற சொல்லோடு ‘ஆஃப்’ சேர்ந்தால் கூட்டம் கைவிடப்படும், ‘புட்’டோடு ‘ஆஃப்’ சேர்ந்தால் வேலை தள்ளிப்போடப்படும், ‘ஃபில்’லோடு ‘அப்’ சேர்ந்தால் குளம் மூடப்படும். செய்தவன் வந்து நிற்கவேண்டிய இடத்தில் அந்தக் குட்டிச் சொல் வந்து நின்றுகொள்ளும், அதற்குமேல் யாரையும் நிற்கவிடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்தக் கலையில் பிரம்மசக்திக்கு நிகர் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. ஓவர்சியர் நாறுவதற்கு முந்தின நாள் குளத்தைப் பற்றிய பதிலை டைப் அடித்து அனுப்பியது அவள்தான். சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு முந்தின நாளும் அப்படியே. கடிதத்திலிருந்து கழற்றிவிடப்பட்ட காரியம் தன் ஆளைத் தேடிப் போய் மேலே ஏறிக்கொள்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் எழுதினாள். அரை எலுமிச்சம்பழத்தை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு எழுதினாள்.

வாசம் எப்படிப் போகும் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பில் கலெக்டர், வீட்டுச் சண்டையில் பெண்டாட்டி நோண்டி நோண்டிக் கேட்டதால், “ஆமாடி, பள்ளிக்கூடத்து மரத்த வெட்டச் சொன்னது நான்தான்” என்று கத்திவிட்டார். கத்திய அந்த நிமிஷமே அவர் மேல் இருந்த அழுகிய மரப்பட்டையின் வாசம் வேட்டி அவிழ்ந்தது போல அவிழ்ந்துவிட்டது. மறுநாள் பின்வரிசையில் நின்ற அவரைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டியது. அதிலிருந்து வாசக்காரர்கள் வீட்டில்கூட யோசித்துத்தான் வாயைத் திறந்தார்கள்.

கார்த்திகையில் உப்புக்காரத் தெருவில் பிள்ளைகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தன. நூற்றிச்சொச்சம் வீடுள்ள தெரு, எல்லோருக்கும் ஒரே குழாய்த் தண்ணீர். கலங்கலாக வந்தது, கொதிக்கவைத்தாலும் வாடை போகவில்லை, விலைக்கு வாங்கிக் குடிக்க அந்தத் தெருவில் வழியில்லை. இட்லிக்கடை தங்கபுஷ்பத்தின் மூத்த மகள் கோமு, ஆறு வயசு, நாலாம் நாள் செத்துப்போனாள். தங்கபுஷ்பம் பதினாறு கழிவதற்குள் மனுவோடு வந்தாள். பதில் இங்கிலீஷில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பிரம்மசக்தியின் மேஜைக்கு வந்தாள், அந்த மேஜையில் வாசம் இல்லாததால் வரிசையும் இல்லை.

“மேடம், இதைத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க.”

பிரம்மசக்தி தான் எழுதிய கடிதத்தைத் தானே வாங்கி வாசித்தாள். “உங்கள் தெருக் குடிநீர்க் குழாயில் வேறொரு குழாய் தவறுதலாக இணைக்கப்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது.”

“யாரு இணைச்சா?”

“அது இதுல இல்லம்மா. ‘இந்த விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது.’”

“யாரு கவனிக்கா? ஆளக் காட்டுங்க, அவிய காலப் புடிச்சாவது எந்த எடத்துல சேத்திருக்குன்னு கேட்டுக்கிடுதேன். எடம் தெரிஞ்சா நாங்களே வெட்டிருவோம் மேடம். தெரு பூராவுமா தோண்ட முடியும்?”

“கடிதத்துல அவ்வளவுதான் இருக்கு.”

தங்கபுஷ்பம் கொஞ்சநேரம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று பார்க்கிற மாதிரி. “ஆளே இல்லாம ஒரு பைப்பு போயி இன்னொரு பைப்போட தானா சேந்துக்கிடுமா மேடம்? அதுக்கென்ன, கல்யாண வயசா?” என்று கேட்டாள். “எங்க சின்னவளும் ரெண்டு நாளா சோர்ந்து கெடக்கா. அதான் கேக்கேன்.”

பிரம்மசக்திக்கு அந்த இடம் தெரியும். ஐப்பசி மாசக் கடைசியில், சேர்மனின் மைத்துனருக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தில் கழிவுத்தொட்டி நிறைந்து வழிந்தபோது, கமிஷனர் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று வாயால் சொல்ல, ஃபிட்டருக்கான வேலை உத்தரவைத் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதியவள் அவள்தான்: மண்டபத்தின் கைகழுவும் கொட்டகைக்குப் பின்னால், மூன்றாவது ஸ்லாப்புக்குக் கீழே போகும் பழைய குழாயில் இணைக்கப்படவேண்டும். அந்தப் பழைய குழாய் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். எழுதினாள், கீழே கோடு போட்டாள், காப்பி குடித்தாள். இப்போதும் சொல்லவில்லை. சொன்னால் கமிஷனர் பெயர் வரும், சேர்மன் பெயர் வரும், தன் பெயரும் வரும். மகள் சுபாஷினிக்கு ஒரு சம்பந்தம் பாதியில் நிற்கிறது. கடிதத்தை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

தங்கபுஷ்பம் வாசற்படி இறங்குவதற்குள் பிரம்மசக்தியின் மேல் வாசம் ஏறிவிட்டது. சாக்கடையும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்து, அதற்கு அடியில் புளித்த பால் மாதிரி ஒன்றும் சேர்ந்த வாசம். அவள் பைலின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

ஆபீஸ் கைதட்டியது. கேசரி வாங்கி வந்தார்கள், சால்வை போர்த்தினார்கள், கமிஷனரே எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்துவிட்டு, “இத்தனை வருஷம் எழுதினதுக்கு இப்பவாவது வந்துச்சே மேடம்” என்று மனசாரச் சந்தோஷப்பட்டார். வீட்டில் அவள் புருஷன் குற்றாலலிங்கம் வாசலிலேயே மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏ பிரம்மு, இப்பத்தான் ஒரு ஆபீசர் வீடு மாதிரி இருக்கு” என்றார், சொல்லிவிட்டு கொல்லைப்புறம் போய் ஓங்கரித்துவிட்டு வந்து சிரித்தார். பெண்ணின் அம்மாவுக்கு வாசம் இல்லையே என்று இழுத்துக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டார் மூன்றாம் நாளே தட்டோடு வந்தார்கள். “நடைக்குள்ள நுழையும்போதே கொமட்டுச்சு மயினி, அப்பத்தான் எங்களுக்கு மனசு நெறஞ்சது” என்றாள் சம்பந்தியம்மாள், கண்ணில் நீர் முட்ட.

முதல் மூன்று நாள் பிரம்மசக்தி சீயக்காயும் பயத்தமாவும் போட்டுத் தோல் உரிய உரியத் தேய்த்துக் குளித்தாள், சோற்றைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டியது, தன் கையாலேயே பிசைந்து தின்ன முடியாமல் ஸ்பூனால் தின்றாள். நாலாம் நாள் பஸ்சில் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டை அவளுக்காகக் காலி செய்து கொடுத்தார்கள், உட்கார்ந்தாள். ஆறாம் நாள் வாட்ச்மேன் சல்யூட் அடித்தான், தலையை அசைத்தாள். ஒன்பதாம் நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கை தானாக உயர்ந்து மூக்கருகே வந்தது, வாசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இறங்கியது. அதைத் தானே கவனித்தபோது அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு இருக்கிறதே, அது அந்த வாசத்தைவிடப் பெரிய நாற்றம். அன்றைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மனுநீதி நாள். ஆபீஸ் முற்றத்தில் பந்தல், சேர்மன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே அவர் வாசம் வந்துவிட, ஜனங்கள் அந்த வாசத்துக்கே எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் பின்வரிசையில் நின்றாள். சின்னவளை முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள், தெருவில் இன்னும் பதினோரு பிள்ளைகள் படுத்திருந்தன, குழாயில் அதே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்வரிசைக்குப் போகிற வழியில் பிரம்மசக்தி அவளைத் தாண்டினாள்.

தங்கபுஷ்பம் வரிசையை விட்டு வெளியே வந்தாள். எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிற இடத்தில் அவள் ஒருத்தி நெருங்கி வந்து, பிரம்மசக்தியின் கையைப் பிடித்து, மூக்கைப் பொத்தாமல், முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஆழமாக இழுத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். வாட்ச்மேன் ஓடி வந்தான்.

“இது எங்க வீட்டுத் தண்ணி வாடல்லா” என்றாள் தங்கபுஷ்பம். சத்தம் போடவில்லை. “எங்க கோமு கடைசி ரெண்டு நாளு வாயத் தொறந்தா இந்த வாடதான் வந்துது. நான் கிட்ட வச்சு மோந்து மோந்து பாத்தது. இது எப்படி மேடம் ஒங்க மேல வந்துது?”

பிரம்மசக்தி கையை இழுத்தாள், வரவில்லை. பொய் சொல்ல வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷமாக வந்த சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஆனால் செத்த பிள்ளையின் வாயை மோந்து பார்ப்பது போலத் தன் கையை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் அவற்றில் ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்க அவளால் முடியவில்லை.

“நான்தான் எழுதினேன்” என்றாள்.

“என்னது?”

“பைப்பச் சேக்கச் சொல்லி உத்தரவு எழுதினது நான். சொன்னது கமிஷனர். கேட்டது சேர்மன், அவரு மைத்துனருக்காவ. கல்யாண மண்டபத்துல கைகழுவுற கொட்டகைக்குப் பின்னால, மூணாவது ஸ்லாப்பு. அந்தப் பைப்பு ஒங்க தெருவுக்குத்தான் போகுதுன்னு எழுதும்போதே எனக்குத் தெரியும். அன்னைக்கு நீ கேக்கும்போதும் தெரியும்.”

சொல்லச் சொல்ல அவள் மேலிருந்து வாசம் இறங்கியது. பந்தலில் இருந்தவர்களுக்குப் பைப்போ ஸ்லாப்போ காதில் விழவில்லை, மூக்கில்தான் விழுந்தது. “ஐயையோ, போகுதே! வாய மூடுங்க மேடம், கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும்!” என்று வாட்ச்மேன் உண்மையிலேயே பதறினான். குற்றாலலிங்கத்துக்குத் தெரிந்தவர் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினார். தங்கபுஷ்பம் கையை விட்டாள், திரும்பி நடந்தாள், கேட்டைத் தாண்டியதும் ஓடினாள்.

அன்று நண்பகல், மண்டபத்தில் ஒரு கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, உப்புக்காரத் தெருப் பெண்கள் கடப்பாரையோடு பின்பக்கமாகப் புகுந்தார்கள். கை கழுவ வந்தவர்கள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது ஸ்லாப்பைப் புரட்டியபோது, பீயும் எச்சில் பாயசமும் இலைநரம்பும் கலந்து நுரைத்துக்கொண்டு ஒரு குழாய் இன்னொரு குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் முழங்கை வரை அதற்குள் விட்டு, மூட்டைத் தடவிக் கண்டுபிடித்து, ரம்பம் வைத்து அறுத்தாள். அறுத்த வாயில் துணியை அடைத்துச் சிமென்ட் பூசினார்கள். பிறகு தண்ணீர் திறந்துவிடுகிறவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டி, இரண்டு நாள் இரண்டு ராத்திரி குழாயைத் திறந்தே விட்டார்கள்.

பிரம்மசக்தியைச் சஸ்பென்ட் செய்தார்கள். அந்த உத்தரவு நல்ல இங்கிலீஷில் இல்லை, அவளுக்குப் பின்னால் அப்படி எழுத ஆள் இல்லாமல் போயிற்று. சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது, நகராட்சி வழக்கப்படியே இங்கிலீஷில், சம்பந்தம் ‘கால்ட் ஆஃப்’ என்று, கைவிட்டது யார் என்று அதில் இல்லை. சுபாஷினி அதை வாசித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குற்றாலலிங்கம் வீட்டுக்குள் வந்து வந்து மூச்சை இழுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, வெறும் சாம்பார் வாசம்தான் என்று தெரிந்ததும் தம்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். சேர்மனும் கமிஷனரும் முன்னைவிட வாசமாக இருந்தார்கள், பொங்கல் விழாவில் அவர்களுக்குத்தான் முதல் மரியாதை.

குழாயை அறுத்த மூன்றாம் நாள் காலையில் பிரம்மசக்தி உப்புக்காரத் தெருவுக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை, மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்துக்கொண்டாள். குழாயடியில் பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். தண்ணீர் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது, ஒருத்தியும் குடத்தை வைக்கவில்லை, பிள்ளைகள் பக்கத்தில் போய்விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நகராட்சியிலிருந்து தண்ணீர் சோதிக்கப்பட்டது என்று ஒரு தாள் வந்திருந்தது, அதை யாரோ சாக்கடையில் போட்டிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் அவளைப் பார்த்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்து, விளிம்பு வரை நிறைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடிங்க.”

பிரம்மசக்தி வாங்கிக்கொண்டாள். ரம்பத்தோடு முழங்கை வரை அந்த ஓட்டைக்குள் போன கை நீட்டிய டம்ளர். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய்வைத்து, ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“அந்தக் கல்லுல உக்காருங்க” என்றாள் தங்கபுஷ்பம். “சாயந்தரம் வரைக்கும் ஒங்களுக்கு ஒண்ணும் செய்யலன்னாத்தான் பிள்ளைகளுக்குக் குடுப்போம்.”

பிரம்மசக்தி உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. குடித்த தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் அவள் நேரில் பார்க்காத அந்த ஸ்லாப்பும் நுரையும் தன்னுடைய உருண்டைக் கையெழுத்தும் கண்ணுக்குள் வந்து வந்து வயிற்றைப் பிரட்டின. நாலு திசையிலும் பெண்கள் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாகம் தாங்காத ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. வாந்தி எடுத்தால் இந்தத் தெரு இனி எந்தக் காலத்திலும் இந்தக் குழாயை நம்பாது என்று அவளுக்குத் தெரியும். தொண்டை வரை வந்ததை அவள் பல்லைக் கடித்து உள்ளேயே விழுங்கினாள், மறுபடியும் வந்தது, மறுபடியும் விழுங்கினாள், சாயங்காலத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.